பேசி வைத்த குஸ்தியில் பெருமை உண்டா?

தொலைக்காட்சியில் மல்யுத்தம் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் தவறாமல் காதில் விழும் வசனம் ஒன்று உண்டு. "இதெல்லாம் சும்மா. முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள். இதைப் போய் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறாயே!" சொல்பவர் பெரும்பாலும் தாத்தா. கேட்டு முகம் சுருங்குவது பேரன். 1990-களில் கேபிள் டி.வி. நம் குடியிருப்புகளுக்குள் நுழைந்து, டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற அமெரிக்கக் கம்பெனியின் மல்யுத்தம் கூடத்துக்கே வந்தபோது ஆரம்பித்த தகராறு இது. அன்று மாடிப்படியில் உட்கார்ந்து டிரம்ப் கார்டு ஆடிய பிள்ளைகள் இன்று தாங்களே அப்பாக்களாகிவிட்டார்கள். கம்பெனியும் 2002-இல் டபிள்யூ.டபிள்யூ.இ. என்று பெயரை மாற்றிக்கொண்டது. தாத்தாவின் வசனம் மட்டும் மாறவில்லை.

பேசி வைத்துத்தான் ஆடுகிறார்கள் என்பதில் சந்தேகமே வேண்டாம். கம்பெனியே ஒப்புக்கொண்ட விஷயம் அது. ஏன் ஒப்புக்கொண்டது என்பது தனிக் கதை, பின்னால் சொல்கிறேன். இங்கே நான் எடுத்துக்கொண்டிருப்பது அதற்கு அடுத்த கேள்வி. யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே முடிவாகிவிட்ட ஆட்டத்தில் ஆடுகிறவனைப் பெரிய வீரன் என்று சொல்லலாமா? சொல்லலாம் என்பது என் கட்சி. ஆனால் எதை வைத்துச் சொல்கிறோம் என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும்.

பேசி வைக்காத மல்யுத்தம் எப்படி இருக்கும் என்று முதலில் பார்த்துவிடுவோம். அதற்கு நம் காமா பயில்வானைவிட நல்ல சாட்சி கிடையாது. 1910 செப்டம்பர் 10-ஆம் தேதி லண்டனில் அவருக்கும் போலந்துக்காரரான ஸ்டானிஸ்லாஸ் சிபிஷ்கோவுக்கும் போட்டி. சிபிஷ்கோ சாமானியர் அல்லர். ஐரோப்பாவின் முன்னணி மல்லர்களில் ஒருவர். ஆனால் தொடக்கத்திலேயே காமாவின் பலத்தைப் புரிந்துகொண்டுவிட்டார். தரையோடு தரையாகப் படிந்தவர் எழுந்திருக்க மறுத்துவிட்டார். காமா இழுத்துப் பார்த்தார், புரட்டிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இப்படியே போய், ஆட்டம் முடிவில்லாமல் நின்றது. மறுவாரம் மீண்டும் ஏற்பாடு செய்தார்கள். சிபிஷ்கோ வரவே இல்லை. பிறகு 1928 ஜனவரியில் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி கோதாவில் இறங்கினார்கள். இந்தத் தடவை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சிபிஷ்கோ மல்லாந்துவிட்டார்.

காமாவின் பெருமை இரண்டிலும் தெரிகிறது, சரி. ஆனால் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவனை நினைத்துப் பாருங்கள். லண்டனில் கொட்டாவி விட்டிருப்பான். பாட்டியாலாவில் தலைப்பாகையைச் சரிசெய்து நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். நிஜ மல்யுத்தத்தின் சுபாவம் இது. இரண்டு பேர் சமபலம் என்றால் அசையாது, ஒருவன் உசத்தி என்றால் நிற்காது.

அமெரிக்காவில் இதே சங்கடம். 1916 ஜூலை 4-ஆம் தேதி ஒமாஹா நகரில் எட் லூயிஸ், ஜோ ஸ்டெச்சர் என்ற இருவரும் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கட்டிப் புரண்டும் வெற்றி தோல்வி இல்லை. வாடகைக்கு மண்டபம் எடுத்து, ஊர் ஊராக ஆட்டம் நடத்திப் பிழைக்கும் ஏற்பாட்டாளருக்கு இது எப்படிக் கட்டுபடியாகும்? உள்ளுக்குள் பேசி வைப்பது அதற்கு முன்பும் உண்டு. 1920-களில் இதே லூயிஸும் அவரது கூட்டாளிகளும் அதை ஒரு முறையான தொழிலாகவே ஆக்கினார்கள். ஆட்டத்துக்குக் கால வரம்பு, கண்ணுக்கு விருந்தான வீச்சுகள், ஊருக்கு ஊர் போகும் நிரந்தரக் குழு, முன்பே தீர்மானித்த முடிவு. இன்று நாம் பார்ப்பதன் அஸ்திவாரம் அங்கே போடப்பட்டது.

அந்த அஸ்திவாரம் சீக்கிரமே ஆட்டம் கண்டது. 1925 ஜனவரியில் லூயிஸ், பேசி வைத்தபடி, வேய்ன் மன் என்பவரிடம் தோற்று சாம்பியன் பட்டத்தைக் கொடுத்தார். மன் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர்; ஆஜானுபாகு. மல்யுத்தம்தான் தெரியாது. சில மாதங்கள் ஊரெல்லாம் ஜெயித்துக்கொண்டு வந்தார். ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவில் அவரிடம் தோற்பதற்காக ஒரு பழைய மல்லரை அழைத்திருந்தார்கள். அவர் வேறு யாருமில்லை, லண்டனில் படுத்துக்கிடந்த அதே சிபிஷ்கோதான். மனிதர் போட்டிக் கும்பலோடு ரகசியமாகச் சேர்ந்துகொண்டிருந்தார். கோதாவில் இறங்கியதும் பேசினதையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு நிஜமாகவே மல்யுத்தம் செய்தார். மன் தடுக்க வழி தெரியாமல் திரும்பத் திரும்ப மல்லாந்தார். பட்டம் கை மாறியது.

இந்தச் சம்பவம் தொழில்காரர்களுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. முடிவை எழுதி வைக்கலாம், ஆனால் எழுதியதைக் காப்பாற்றும் வித்தை சாம்பியனின் உடம்பில் இருக்க வேண்டும். அதனால்தான் 1949 முதல் 1956 வரை தேசிய மல்யுத்தக் கூட்டணியின் சாம்பியனாக லூ தெஸ் என்பவரை வைத்திருந்தார்கள். யாராவது சிபிஷ்கோ மாதிரி வாலை ஆட்டினால் ஒட்ட நறுக்கிவிடும் நிஜ வித்தைக்காரர் அவர். நம் மும்பைக்கும் அவர் வந்திருக்கிறார். 1968-இல் இங்கே அவரை வென்றுதான் தாராசிங் உலக சாம்பியன் ஆனார். தெஸ்ஸுக்கு அப்போது வயது 52. தாராசிங்கும் கிங்காங்கும் மோதியதைப் பற்றி நம் தலைமுறைக்குச் சொல்லவே வேண்டாம். "நிஜமா, நாடகமா" என்ற வாதம் அப்போதும் டீக்கடைதோறும் நடந்தது. அதே தாராசிங் 1987-இல் தூர்தர்ஷன் ராமாயணத்தில் அனுமனாக வந்து கடலைத் தாண்டியபோது, கயிறு கட்டித் தாண்டினாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. டி.வி.க்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டினார்கள்!

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். கிரிக்கெட்டில் பேசி வைத்து ஆடினால் சூதாட்டம் என்கிறோம். 2000-ஆம் ஆண்டு டெல்லிப் போலீஸ் வெளிப்படுத்திய விவகாரத்தில் தென்னாப்பிரிக்கக் கேப்டன் ஹான்சி குரோன்யேவின் ஆயுட்காலப் பெயரே போயிற்று. மல்லனுக்கு மட்டும் என்ன சலுகை? வித்தியாசம் இருக்கிறது. அங்கே பத்து பேர் நிஜமாக ஆடிக்கொண்டிருக்க ஒருவர் விலை போகிறார். சக ஆட்டக்காரனுக்கே தெரியாது. இங்கே மோதுகிற இருவருக்கும் தெரியும், நடுவருக்கும் தெரியும், இன்று பார்ப்பவருக்கும் தெரியும். ஆனாலும் ஆட்சேபத்தில் பாதி உண்மை என்பதை மறுக்க மாட்டேன். பல பத்தாண்டுகள் இந்தத் தொழில்காரர்கள் எல்லாம் நிஜம் என்று சத்தியம் செய்துதான் டிக்கெட் விற்றார்கள். அந்த ரகசியம் காப்பதற்கு 'கேஃபேப்' என்று ஒரு குழூஉக்குறிகூட வைத்திருந்தார்கள். வில்லனாக ஆடுபவரும் நல்லவராக ஆடுபவரும் வெளியூரில் ஒரே காரில் போகக் கூடாது, ஒரே ஓட்டலில் ஒன்றாகச் சாப்பிடக் கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு. அது பொய்தான். அந்தப் பொய்யை ஆட்டத்தின் மீது சுமத்தலாமே தவிர ஆடுகிற திறமையின் மீது சுமத்த முடியாது.

சரி, பேசி வைப்பது என்றால் எவ்வளவு பேசி வைக்கிறார்கள்? யார் ஜெயிப்பது, எத்தனை நிமிடம், கடைசிக் கட்டம் எப்படி, இவை கம்பெனியின் முடிவு. நடுவில் இரண்டு மூன்று முக்கியமான இடங்களை மல்லர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். மீதியெல்லாம் பெரும்பாலும் மேடையிலேயே, பிடியில் இருக்கும்போது காதோடு காதாக. நடுவர் காதில் ஒரு சிறு கருவி இருக்கும். இன்னும் எத்தனை நிமிடம் என்று உள்ளேயிருந்து வரும் தகவலை அவர் இருவருக்கும் சொல்வார்.

நான் ரயில்வேயில் காலம் தள்ளியவன். எனக்கு இது டைம்டேபிள் மாதிரித்தான் தெரிகிறது. லோக்கல் எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு வரும் என்பது அச்சாகியே இருக்கிறது. அதனால் மோட்டார்மேனுக்கு ஒரு திறமையும் வேண்டாம் என்று யாராவது சொல்வோமா? ஜூலை மழையில், படியில் ஆள் தொங்கும் வண்டியை, ஈரத் தண்டவாளத்தில் பிரேக் பிடித்துக் குறித்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதை டைம்டேபிள் செய்வதில்லை.

விழுவது நிஜமா என்பது அடுத்து வரும் கேள்வி. அந்த மேடையின் கட்டுமானத்தைச் சொல்லிவிடுகிறேன். இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, அதன் மேல் மெல்லிய ஃபோம், அதன் மேல் இழுத்துக் கட்டிய கான்வாஸ் துணி. அவ்வளவுதான். மெத்தை என்று நினைப்பவர்கள் தங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை மீது ஒரு ஜமுக்காளத்தை விரித்துக் கையால் ஓங்கி அடித்துப் பார்க்கலாம். தோள் உயரத்திலிருந்து, சுமார் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒருவன் கீழே போடப்பட்டால் தரையைத் தொடும்போது அவன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள உடம்பு அந்த வேகத்தில் வந்து சில அங்குலத்துக்குள் நின்றாக வேண்டும். இதில் நடிப்புக்கு இடமில்லை; புவியீர்ப்பு ஒத்திகைக்கு வருவதில்லை.

அப்படியானால் எப்படித் தப்பிக்கிறார்கள்? பளுவைப் பரப்புவதால். தண்டவாளத்துக்கு அடியில் ஸ்லீப்பரும் ஜல்லியும் என்ன செய்கின்றனவோ அதைத்தான் மல்லன் தன் முதுகால் செய்கிறான். முகவாயை மார்போடு சேர்த்து, தலையின் பின்பக்கம் தரையில் படாமல் தூக்கி, முதுகின் மேல்பாகம் முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழுந்து, இரு கைகளையும் விரித்துத் தரையில் அறைய வேண்டும். இந்த விழுகைக்கு 'பம்ப்' என்று பெயர். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பிடி சொல்லிக் கொடுப்பதற்கு முன் விழத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். முதுகு முழுவதும் படுவதற்குப் பதில் ஒரு தோள் முந்தினால் தோள் போயிற்று, கழுத்து முந்தினால் ஆளே போய்விடலாம். ஆனால் விழுபவன் எவ்வளவு தேர்ந்தவனாக இருந்தாலும் தலைகீழாகத் தூக்கப்பட்ட பிறகு அவன் கையில் ஒன்றும் இல்லை. தூக்கியவன் எந்தக் கோணத்தில் இறக்குகிறானோ அதுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போவது விளங்கும்.

முழுக்க முழுக்க ஒத்திகை பார்த்து ஆடிய ஆட்டம் ஒன்றும் புகழ்பெற்றிருக்கிறது. 1987 மார்ச் 29, டெட்ராய்ட் அருகே போண்டியாக் நகர அரங்கம். கம்பெனிக் கணக்கில் 93,173 பேர். ராண்டி சாவேஜ், ரிக்கி ஸ்டீம்போட் இருவரும் ஏறத்தாழ கால் மணி நேரம் மோதினார்கள். சாவேஜ் எல்லாவற்றையும் முன்கூட்டித் திட்டமிடும் சுபாவக்காரர். ஒவ்வொரு அசைவுக்கும் வரிசை எண் போட்டுத் தாளில் எழுதி, ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டு, பரீட்சைக்குப் படிப்பது போல் படித்தார்கள். பார்ப்பவருக்கு அது தெரியவே இல்லை என்பதுதான் விசேஷம். இன்றைக்கும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அந்த ஆட்டத்தைப் பாடம் போலச் சொல்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான ஆட்டம்தான் என் மனத்துக்கு இன்னும் நெருக்கமானது. 1992 ஆகஸ்ட் 29, லண்டன் வெம்பிளி அரங்கம். கனடாவின் பிரெட் ஹார்ட்டும், அவருடைய தங்கை கணவரான இங்கிலாந்துக்காரர் டேவி பாய் ஸ்மித்தும் மோத வேண்டும். மச்சானுக்குச் சொந்த நாடு. எண்பதாயிரம் பேர் அவருக்காகவே வந்திருக்கிறார்கள். ஆகவே அவர் ஜெயிப்பதாக முடிவு. ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் டேவிக்கு மூச்சு வாங்கிவிட்டது. பேசி வைத்ததெல்லாம் மறந்து போய்விட்டது. பிரெட் பின்னாளில் தம் சுயசரிதையில் இதை விவரமாக எழுதியிருக்கிறார். வேறு வழியில்லாமல் ஒவ்வொரு பிடியிலும் மச்சானின் காதில் அடுத்து என்ன, அதற்கடுத்து என்ன என்று சொல்லிக்கொண்டே, அவரைத் தாங்கிக்கொண்டே, தாமும் அடிபட்டு விழுந்துகொண்டே 25 நிமிடம் ஆட்டத்தை நடத்தினார். இறுதியில், ஏற்பாட்டின்படி, தோற்றார். அரங்கமே டேவியைக் கொண்டாடியது.

அன்றைக்கு ஜெயித்தது யார் என்று டிரம்ப் கார்டைக் கேட்டால் டேவி என்று சொல்லும். அந்தக் கார்டுகளை ஞாபகம் இருக்கிறதா? ரேங்க், உயரம், எடை, மார்பளவு, ஆடிய ஆட்டம், வென்ற ஆட்டம் என்று வரிசையாக அச்சடித்திருப்பார்கள். பிள்ளைகள் கடைசி இரண்டு எண்களுக்காகத்தான் அடித்துக்கொள்வார்கள். உண்மையில் அந்தக் கார்டில் பயனே இல்லாத எண்கள் அவைதாம். வெற்றியும் பெல்ட்டும் கம்பெனி கொடுப்பது. கொடுத்ததை வைத்து ஆளை அளக்க முடியாது. இந்த ஒன்றைத்தான் பேசி வைப்பது மல்லனிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. தாத்தாவும் பேரனும் இருவருமே இந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். வெற்றி நிஜம் என்று பேரன் கட்சி. நிஜமில்லை, ஆகவே ஆளும் ஒன்றுமில்லை என்று தாத்தா கட்சி. வெற்றியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் இருவர் கண்ணுக்கும் வேறு ஒரு ஆள் தெரிவான்.

போண்டியாக்கில் அதே இரவு நடந்த முக்கிய ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹல்க் ஹோகன், ஆந்த்ரே என்ற ராட்சத உருவத்தை அப்படியே தூக்கிப் போட்டார். ஆந்த்ரேயின் எடை விளம்பரக் கணக்கில் 520 பவுண்டு, அதாவது 236 கிலோ. 2025-இல் காலமான ஹோகனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தக் காட்சியைத்தான் காட்டினார்கள். பலசாலிதான், மறுக்கவில்லை. ஆனால் ஆந்த்ரே இசைந்து கொடுக்காமல் அவரைத் தூக்க எவராலும் ஆகாது. உடம்பு வளர்ந்துகொண்டே போகும் வியாதிக்காரர் அவர்; அதற்குச் சற்று முன்புதான் முதுகில் அறுவை சிகிச்சை; உடைக்குள்ளே முதுகுக்குப் பட்டை கட்டியிருந்தார். அந்த நிலைமையில் தன்னைத் தூக்கிப் போட இடம்கொடுத்து, அந்தக் கூட்டத்தின் முன்னால் தோற்று, ஹோகனைப் பெரிய ஆளாக்கிவிட்டுப் போனார். 1993-இல் இறந்தார். அன்று மேடையில் பெரியவர் யார் என்று கேட்டால் நான் ஆந்த்ரே என்பேன்.

திட்டம் கெட்டுப்போகும்போதுதான் சரக்கு வெளியே வரும். 1997 ஆகஸ்டில் ஸ்டீவ் ஆஸ்டினை, பிரெட்டின் தம்பி ஓவன் ஹார்ட் தலைகீழாகப் பிடித்து உட்கார்ந்தார். ஆஸ்டினின் தலை இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கீழே இருந்துவிட்டது. அவ்வளவுதான் பிசகு. தலை தரையில் மோதிக் கழுத்தில் அடி. கை கால் அசைவு நின்றுபோயிற்று. ஆட்டத்தில் ஜெயிக்க வேண்டியவர் ஆஸ்டின். ஓவன் ஒரு நொடியில் நிலைமையைப் புரிந்துகொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கேலி செய்து சத்தம் போட்டு, நேரத்தைக் கடத்தினார். சற்று உணர்வு வந்ததும் ஆஸ்டின் தவழ்ந்து வந்து, பலமே இல்லாத கைகளால் ஓவனைச் சுருட்டினார். ஓவனும் சுருண்டு கொடுத்தார். மூன்று எண்ணி முடித்தார்கள். பார்க்க அசிங்கமான முடிவு. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் இரண்டு பேரும் செய்தது எந்தத் தாளிலும் எழுதி வைத்ததல்ல.

நிஜ மல்யுத்தத்தில் உச்சத்தைத் தொட்டவர்கள் இங்கே வந்தபோது என்ன ஆயிற்று? கர்ட் ஆங்கிள் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் கழுத்துக் காயத்தோடு தங்கம் வென்றவர். பிறகு இந்தத் தொழிலுக்கு வந்து இதிலும் முதல் வரிசைக்குப் போனார். பதக்கம் மட்டும் போதாது, மறுபடி விழக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதே தரத்து ஆசாமிகள் பலர் இங்கே சோபிக்காமல் போனதும் உண்டு. பலம் வேறு, இந்த வித்தை வேறு.

இந்த வித்தையின் மூலதனம் நம்பிக்கை. என் முதுகை உன் கையில் கொடுக்கிறேன், பத்திரமாகத் திருப்பிக் கொடு என்பதுதான் ஒப்பந்தம். எதிராளிக்குக் காயம் உண்டாக்காதவன் என்பதையே பிரெட் ஹார்ட் தம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பட்டங்களை அல்ல. அதனால்தான் 1997 நவம்பர் 9-ஆம் தேதி மாண்ட்ரியலில் நடந்தது இந்தத் தொழிலில் மாறாத வடுவாகிப் போனது. கம்பெனியை விட்டு விலகும் நேரத்தில், சொந்த நாட்டு மக்கள் முன்னால் பட்டத்தை இழக்கப் பிரெட் சம்மதிக்கவில்லை. ஆட்டம் முடிவில்லாமல் நிற்கும் என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் எதிராளி பிடி போட்டிருந்த நேரம், முதலாளி வின்ஸ் மக்மஹன் மேடையருகே நின்று மணியடிக்க உத்தரவிட்டு, பிரெட் தோற்றதாக அறிவித்துவிட்டார். பொய்ச் சண்டை என்கிறோமே, அந்தப் பொய்ச் சண்டையில் வாக்குத் தவறியதற்காக உடை மாற்றும் அறையில் விழுந்த குத்து நிஜமானது.

எல்லாச் சாகசத்தையும் நான் மெச்சுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1998 ஜூன் 28-ஆம் தேதி பிட்ஸ்பர்க்கில் மிக் ஃபோலி என்பவர், மேடையைச் சுற்றிய கம்பிக் கூண்டின் உச்சியிலிருந்து, ஏறத்தாழ 16 அடி, வர்ணனையாளரின் மேஜை மீது விழுந்தார். பேசி வைத்த விழுகை. மேஜையைத் தொட்டபோது வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அத்தோடு விடாமல் மறுபடி மேலே ஏறினார். இந்தத் தடவை கூண்டின் கூரைத் தகடு எதிர்பாராமல் பிய்த்துக்கொண்டது. நேராக மேடைக்குள் விழுந்தார். கூடவே ஒரு நாற்காலியும் முகத்தில். பல் போயிற்று, நினைவு தப்பியது. ரசிகர்கள் இதைத்தான் வீரத்தின் சிகரம் என்கிறார்கள். என்னால் ஒப்ப முடியவில்லை. பளு எவ்வளவு, தகடு எவ்வளவு தாங்கும் என்று யாரும் கணக்குப் பார்க்காத இடத்தில் ஒருவன் உயிர் தப்பியது தற்செயல். வெம்பிளியில் பிரெட் செய்தது கணக்கு.

அடுத்த ஆண்டு அந்தத் தற்செயல் கைகொடுக்கவில்லை. 1999 மே 23, கன்சாஸ் சிட்டி. ஆஸ்டினுக்குக் காயம் பட்டபோது நிலைமையைச் சமாளித்த அதே ஓவன் ஹார்ட், அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் மேடைக்கு இறங்குவதாக ஏற்பாடு. இறங்கியதும் சட்டென்று விடுபட வேண்டும் என்பதற்காக, பாய்மரப் படகுகளில் பயன்படும் விரைவுக் கொக்கியை மாட்டியிருந்தார்கள். கொக்கி மேலேயே விட்டுக்கொண்டது. எழுபது அடிக்கும் மேலிருந்து விழுந்து இறந்தார். வயது 34. நிகழ்ச்சியை நிறுத்தாமல் தொடர்ந்து நடத்தினார்கள்.

கம்பெனி ஒப்புக்கொண்ட கதையைப் பின்னால் சொல்கிறேன் என்றேனே, அது இங்கேதான் பொருந்துகிறது. 1989 பிப்ரவரியில் நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தில், எங்களுடையது போட்டியல்ல, கேளிக்கைதான் என்று கம்பெனி சொன்னது. உண்மையின் மேல் திடீரென்று வந்த பற்று அல்ல. போட்டி விளையாட்டு என்றால் குத்துச்சண்டைக்கு உள்ளது போல அரசு வாரியத்தின் மேற்பார்வை, உரிமம், வரி எல்லாம் வரும். கேளிக்கை என்றால் வராது. யார் ஜெயிப்பது என்பதைத் திட்டமிடுகிறவன் யார் எங்கே எப்படி விழுவது என்பதற்கும் பொறுப்பாளி ஆகிவிடுகிறான். நிஜப் போட்டியில் காயம் பட்டால் விதி என்று சொல்லலாம். வரைபடம் போட்டுக் கட்டிய பாலம் இடிந்தால் விதி என்று எந்த இன்ஜினியரும் சொல்ல முடியாது. ஆகவே பேசி வைப்பதால் குறை யாருக்காவது உண்டென்றால், அது மேடையில் நிற்பவனுக்கல்ல, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு. தலையில் நாற்காலியால் அடிப்பதைக்கூட 2010-இல்தான் அந்தக் கம்பெனி தடை செய்தது.

நம் வீட்டுப் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். "எல்லாம் பொய்" என்று சொல்லிவைப்பது உபயோகமில்லாதது மட்டுமல்ல, ஆபத்தும்கூட. பொய் என்றால் வலிக்காது என்றுதானே பிள்ளை எடுத்துக்கொள்ளும்? கட்டில் மேல் தம்பியைத் தலைகீழாகத் தூக்கும் பிள்ளை, அது நிஜம் என்று நம்பித் தூக்குவதில்லை, டி.வி.யில் எழுந்துவிடுகிறானே, தம்பியும் எழுந்துவிடுவான் என்று நம்பித்தான் தூக்குகிறது. யார் ஜெயிப்பது என்பதுதான் ஏற்பாடு, விழுவது நிஜம், அப்படி விழ அவர்கள் வருஷக்கணக்கில் பயின்றிருக்கிறார்கள், தவறிப்போய்க் கழுத்து ஒடிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று உள்ளபடியே சொல்லிவிடுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும்.

அடுத்த தடவை பேரனோடு உட்கார்ந்து பார்க்க நேர்ந்தால், அடிக்கிற கையை விட்டுவிட்டுத் தாங்குகிற கையைக் கவனியுங்கள். தலைகீழாகத் தூக்கியவன், கீழே போடும் கடைசிக் கணத்தில் எதிராளியின் பிடரிக்கு அடியில் கை கொடுப்பதோ, தன் தொடைகளுக்கு நடுவே அவன் தலையை உயர்த்திப் பிடிப்பதோ தெரியும். பலமாக ஒருவன் விழுந்தவுடன் நடுவர் குனிந்து அவன் கையைப் பற்றுவார். பதிலுக்கு அவன் லேசாக அழுத்தினால் சௌக்கியம் என்று பொருள். அழுத்தவில்லை என்றால் நடுவர் நிமிர்ந்து, தன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகப் பின்னிக் காட்டுவார். அது ஏற்பாட்டில் இல்லாத அடி என்று உள்ளே இருப்பவர்களுக்குச் சைகை. மருத்துவர் ஓடி வருவார்.